பாடம் நடக்கும் அறையில் உட்கார்ந்து வரைந்தவர்கள்: ஒரு பள்ளிக் கட்டட வடிவமைப்புச் சேவை பற்றிய மதிப்புரை

திருச்சி மாவட்டத்தில் நெடுஞ்சாலையை ஒட்டி இயங்கும், அரசு உதவி பெறும் எங்கள் மேல்நிலைப் பள்ளிக்கு 12 வகுப்பறைகளும் ஒரு நூலகமும் இரண்டு ஆய்வகங்களும் கொண்ட புதிய கட்டடத்தை வடிவமைத்துத் தந்த கட்டடக் கலைஞர் அலுவலகத்தின் பணியை இங்கே மதிப்பிடுகிறேன். குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதால் அந்த அலுவலகத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. இதே போன்ற சேவையை வேறு எவரிடமாவது பெறவிருக்கும் தாளாளர்களுக்கும் தலைமை ஆசிரியர்களுக்கும் பயன்பட வேண்டும் என்பதே நோக்கம். திறப்பு விழா அன்று வர்ணம் மணக்க நிற்கும்போது எந்தக் கட்டடமும் நன்றாகத்தான் இருக்கும். ஆடிக் காற்றிலும் ஐப்பசி அடைமழையிலும் பங்குனி வெயிலிலும் அதற்குள் பாடம் நடத்திப் பார்த்த பிறகுதான் அதைப் பற்றிப் பேச நமக்குத் தகுதி வருகிறது. எங்கள் கட்டடம் ஒரு முழுக் கல்வியாண்டைக் கடந்துவிட்டது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வகுப்பறைகளுக்காகவும் தாழ்வாரத்துக்காகவும் நூலகத்துக்காகவும் இந்த அலுவலகத்தை மனமாரப் பரிந்துரைப்பேன். ஆய்வகங்களுக்கு அப்படிச் சொல்ல இயலாது. ஒரே கட்டடத்தில், ஒரே குழுவினர் செய்த பணியில் இவ்வளவு வேறுபாடு ஏன் வந்தது என்று ஆசிரியர்களோடு சேர்ந்து யோசித்தபோது காரணம் தெளிவாகவே தெரிந்தது. எந்த அறையில் நடக்கும் பாடத்தை அவர்கள் உட்கார்ந்து கவனித்துவிட்டு வரைந்தார்களோ அந்த அறை பாடத்துக்கு உதவுகிறது. எந்த அறையை அலுவலகத்திலிருந்தே வரைந்தார்களோ அந்த அறையோடு ஆசிரியர் தினமும் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது.

நம் ஊரில் பள்ளிக் கட்டடம் கட்டுவதென்றால் வழக்கமாக என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். பொறியாளர் ஒருவர் 20 அடிக்கு 20 அடி அறைகளை வரிசையாகப் போட்டு, முன்னால் ஒரு தாழ்வாரத்தை இழுத்து, அனுமதிக்குத் தேவையான பிளானைத் தந்துவிடுவார். அந்த மாதிரியை நான் குறைத்துப் பேச மாட்டேன். இருபுறமும் சன்னல், முன்னால் நிழல் என்ற அதன் அடிப்படை நம் தட்பவெப்பத்துக்குப் பொருந்தியதே. கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று கீற்றுக் கூரை தீப்பற்றி 94 குழந்தைகள் இறந்த பிறகு, படிக்கட்டு அகலம், வெளியேறும் வழி, தீத்தடுப்பு ஆகியவற்றில் வந்த கண்டிப்பும் முற்றிலும் நியாயமானது. கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று, சுகாதாரச் சான்று, கட்டட உரிமம் என்று ஒவ்வொன்றையும் நாங்களும் முறையாகப் பெற்றிருக்கிறோம். ஆனால் இந்தச் சான்றுகள் எல்லாம் கட்டடம் விழாதா, எரியாதா, நோய் பரப்பாதா என்று கேட்கின்றனவே தவிர, கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு ஆசிரியர் சொல்வது கேட்கிறதா என்று எந்தப் படிவமும் கேட்பதில்லை. அந்தக் கேள்வியைக் கேட்பவரைத் தேடித்தான் இந்த அலுவலகத்திடம் போனோம்.

முதல் கோட்டை வரைவதற்கு முன், அலுவலகத்தின் இளநிலைக் கட்டடக் கலைஞர்கள் இருவர் பழைய கட்டடத்தின் வகுப்புகளில் பாட வேளை முழுவதும் வந்து உட்கார்ந்தார்கள். கையில் அளவு நாடாவும் ஒலி அளக்கும் கருவியும் ஒளி அளக்கும் கருவியும் இருந்தன. முதலில் ஆசிரியர் மேசைக்கு அருகே நாற்காலி போட்டு உட்காரப் போனவரிடம் எங்கள் கணித ஆசிரியர், “கடைசி பெஞ்சுல போய் உக்காருங்கம்மா. முன்னாடி உக்காந்தா எல்லா வகுப்பும் நல்ல வகுப்பாத்தான் தெரியும்” என்றார். அவரும் அப்படியே செய்தார். அன்றைக்கு அவர் எழுதிய குறிப்புகளைப் பின்னர் எங்களிடம் காட்டினார். மின்விசிறி ஓடும்போது மூன்றாம் வரிசைக்குப் பின் சொற்களின் கடைசி எழுத்து விழுங்கப்படுகிறது. பிற்பகலில் கரும்பலகையின் இடப்பக்கம் வெளிச்சம் பட்டுப் பளபளப்பதால் அங்கே எழுதியதைப் படிக்கப் பிள்ளைகள் எழுந்து நிற்கிறார்கள். குறுக்குச் சுவர் உத்தரத்தோடு நின்றுவிடுவதால் ஓட்டுக்குக் கீழே உள்ள இடைவெளி வழியே அடுத்த வகுப்பின் மனப்பாடச் செய்யுள் இந்த வகுப்புக்குள் வருகிறது. இவை எதுவும் எங்களுக்குப் புதிதல்ல. ஆனால் ஒரு கட்டடக் கலைஞரின் குறிப்பேட்டில் இவற்றைப் பார்த்தது எனக்கு அதுவே முதல்முறை.

ஒலியை அவர்கள் கையாண்ட விதமே இந்தச் சேவையின் சிறந்த பகுதி என்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். கட்டட ஒலியியல் என்ற துறையே ஒரு கல்லூரி வகுப்பறையின் குறையிலிருந்துதான் பிறந்தது. 1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஃபாக் கலைக்கூடத்தில் புதிதாகக் கட்டப்பட்ட விரிவுரை மண்டபத்தில், பேசியது ஐந்து விநாடிக்கு மேல் எதிரொலித்துக்கொண்டே இருந்ததால் பாடம் நடத்த முடியாமல் போனது. அதைச் சரிசெய்யும் பொறுப்பு வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவு நேரங்களில் கொண்டுவந்து பரப்பி, எத்தனை மெத்தைக்கு எதிரொலி எவ்வளவு குறைகிறது என்று அளந்து, இன்றும் பயன்படும் சூத்திரத்தைக் கண்டுபிடித்தார். அறையின் கொள்ளளவு கூடினால் எதிரொலி நீளும். ஒலியை உறிஞ்சும் பரப்பு கூடினால் அது குறையும் என்பதே அதன் சாரம். உலக சுகாதார நிறுவனம் 1999இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வகுப்பறையில் எதிரொலி நேரம் சுமார் 0.6 விநாடியாகவும் பின்னணி இரைச்சல் 35 டெசிபெல்லாகவும் இருக்க வேண்டும் என்கிறது. நெடுஞ்சாலையோரப் பள்ளியில், சன்னலைத் திறந்துவைத்துப் பாடம் நடத்தும் நம் ஊரில் அந்த 35 எட்டாத தூரத்தில் இருக்கிறது என்பதை அவர்கள் மறைக்கவில்லை. எட்ட முடியாது என்பதற்காக அந்தப் பக்கம் போகாமலும் இருக்கவில்லை.

முதல் வேலையாகச் சாலைப் பக்கம் முழுவதும் மாடிப்படி, கழிப்பறை, பொருள் வைப்பறை, நூலகத்தின் அலமாரிச் சுவர் ஆகியவற்றைக் கொண்டுபோய் வைத்து, வகுப்பறைகளைப் பின்பக்கத் தோட்டத்தை நோக்கித் திருப்பினார்கள். இதற்குக் கூடுதலாக ஒரு ரூபாய் செலவில்லை. வரைபடத்தில் அறைகளை இடம் மாற்றியது மட்டுமே. குறுக்குச் சுவர்களை இடைவெளியின்றிக் கூரைத் தளம் வரை எழுப்பினார்கள். ஒவ்வொரு வகுப்பறையிலும் கூரையின் பின்பாதியிலும் பின்சுவரின் மேற்பகுதியிலும் ஒலியை உறிஞ்சும் மரநார்ப் பலகைகளைப் பதித்தார்கள். ஆசிரியருக்கு மேலே உள்ள கூரைப் பகுதியை மட்டும் வெறும் பூச்சாகவே விட்டார்கள். அங்கே பட்டுத் திரும்பும் ஒலி பின்வரிசைக்குப் போய்ச் சேர உதவுகிறது, அதை உறிஞ்சிவிட்டால் நட்டம் என்று விளக்கினார்கள். முழுக் கூரைக்கும் பலகை அடித்துக் கணக்கு எழுதியிருக்கலாம், எழுதவில்லை.

இவ்வளவையும் சோதித்துப் பார்த்த முறை எங்கள் தமிழாசிரியரின் யோசனை. கருவியின் எண்ணை மட்டும் நம்பாமல், ஒரு மாதிரி அறையை முதலில் முடிக்கச் சொல்லி, 40 பிள்ளைகளை உட்காரவைத்து, மின்விசிறிகளை முழு வேகத்தில் ஓடவிட்டு, அவர் பலகையைப் பார்த்துத் திரும்பி நின்று வழக்கமான குரலில் சொல்வதை எழுதச் சொன்னார். அரம், அறம், பனி, பணி, வால், வாள், வாழ், கலை, களை, கழை என்று போயிற்று அந்தப் பட்டியல். ஆங்கில வகுப்புக்காக வகுக்கப்பட்ட எந்த அளவுகோலும் ணகரத்தையும் னகரத்தையும் பிரித்துக் கேட்க முடிகிறதா என்று சோதிக்காது. கடைசி இரண்டு வரிசைகளின் தாள்களைத் திருத்தியபோது லகர, ளகரப் பிழைகள் பழைய அறையில் இதே சோதனையில் வந்ததைவிட வெகுவாகக் குறைந்திருந்தன. இருந்தபோதும் இடப்பக்கக் கடைசி மூலையில் மட்டும் பிழைகள் மிஞ்சின. அங்கே மின்விசிறி நேர் மேலே இருந்தது. அதை இரண்டடி தள்ளி மாற்றினார்கள். கட்டி முடித்த பிறகு இதைச் செய்திருந்தால் தளத்தைக் கொத்த வேண்டியிருக்கும். ஒரு மாதிரி அறையை முதலில் முடித்துச் சோதிக்க வேண்டும் என்ற இந்த நடைமுறையை எந்தப் பள்ளியும் விட்டுவிடக் கூடாது. நாள் முழுதும் கத்திப் பேசித் தொண்டை கட்டிப் போகும் ஆசிரியர்களின் துன்பத்தை அறிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

வெளிச்சத்தில் அவர்களுடைய முதல் வரைபடம் சறுக்கியது. நீளவாக்கைக் கிழக்கு மேற்காக வைத்து, சன்னல்களை வடக்கிலும் தெற்கிலும் திறந்தது மிகவும் சரி; காலை, மாலைத் தாழ்வெயில் அறைக்குள் வராமலிருக்க இதைவிட நல்ல வழியில்லை. ஆனால் தெற்குச் சன்னல்களுக்கு மட்டும் சன்ஷேடு போட்டுவிட்டு, வடக்குப் பக்கம் வெயிலே படாது என்று வெறுமனே விட்டிருந்தார்கள். டெல்லிக்கு அது பெரும்பாலும் பொருந்தும். திருச்சி ஏறக்குறைய 10.8 பாகை வட அகலக்கோட்டில் இருக்கிறது. ஏப்ரல் மூன்றாம் வாரம் முதல் ஆகஸ்ட் நான்காம் வாரம் வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. அதாவது பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் வடக்குச் சன்னல் வழியேதான் வெயில் இறங்கும். எங்கள் புவியியல் ஆசிரியர் இதைச் சுட்டிக்காட்டியதும் அவர்கள் வாதம் செய்யாமல் ஏற்றுக்கொண்டு, இரு பக்கமும் சன்ஷேடு போட்டு, வடக்குப் பக்கத்துக்குச் செங்குத்தான பக்கவாட்டுத் தடுப்புகளையும் சேர்த்தார்கள். ஆசிரியர்களைக் கலந்துகொள்வது மரியாதைக்காகச் செய்யும் சடங்கு அன்று என்பதற்கு இது போதுமான சான்று.

மற்றபடி வெளிச்சம் பற்றிய அவர்களுடைய முடிவுகள் அனைத்தும் நன்றாக அமைந்துள்ளன. பலகைச் சுவரிலிருந்து நான்கடி வரை சன்னலே இல்லாததால் பலகையில் பளபளப்பு விழுவதில்லை. சன்னலின் அடிமட்டம் இரண்டரை அடி உயரத்தில் இருப்பதால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு மரம் தெரிகிறது. ஐந்தடிக்கு மேல் சன்னல் வைத்தால்தான் கவனம் சிதறாது என்று சொல்லும் பழைய கருத்தை நான் ஏற்பதில்லை, சிறையில்தான் அப்படிச் சன்னல் வைப்பார்கள். மேகமூட்டமான ஐப்பசிப் பிற்பகலில் விளக்குப் போடாமல் மேசை மட்டத்தில் 300 லக்ஸ் வெளிச்சம் நடுவரிசைகளில் கிடைக்கவில்லை என்றாலும், சன்னலோர வரிசைகளுக்கும் நடுவரிசைகளுக்கும் தனித்தனியாகச் சுவிட்சு வைத்திருப்பதால் தேவையான இடத்தில் மட்டும் விளக்குப் போட முடிகிறது. வழக்கமாக மின்பணியாளர் பலகையிலிருந்து பின்சுவர் நோக்கி விளக்குகளை இணைத்துவிடுவார். அதை மாற்றிச் சன்னலுக்கு இணையாக இணைக்கச் சொல்வது ஒரு சிறு குறிப்புத்தான், ஆனால் மின்கட்டணத்தில் தெரிகிறது.

வெப்பத்தைப் பொறுத்தவரை இரண்டு விதமான கூரைகளை ஒரே கட்டடத்தில் ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு எங்களுக்கு அமைந்தது. மேற்கு ஆப்பிரிக்காவின் புர்கினா ஃபாசோ நாட்டில் காண்டோ என்ற ஊரில், அந்த ஊர்க்காரரான ஃபிரான்சிஸ் கெரே 2001இல் கட்டி முடித்த தொடக்கப் பள்ளியை அவர்கள் முன்மாதிரியாகக் காட்டினார்கள். களிமண் கட்டிச் சுவர்; காற்றுப் போக இடைவெளி விட்டு மண்கட்டிகளால் அமைத்த உட்கூரை; அதற்கு மேலே எஃகுச் சட்டத்தில் உயர்த்தி நிறுத்திய தகரக் கூரை. தகரம் வெயிலைத் தாங்கிக்கொள்ள, இரண்டுக்கும் நடுவே ஓடும் காற்று சூட்டை அடித்துக்கொண்டு போய்விடும். கெரே 2022இல் கட்டடக் கலையின் உயரிய விருதான பிரிட்ஸ்கர் பரிசு பெற்றவர் என்பதைவிட, ஏழைக் கிராமத்தில் உள்ளூர் மண்ணையும் உள்ளூர்க் கைகளையும் கொண்டு அதைச் செய்தார் என்பதே எங்கள் நிர்வாகக் குழுவைக் கவர்ந்தது. அதே முறையில் எங்கள் காங்கிரீட் மொட்டை மாடிக்கு மேல் ஏழடி உயரத்தில் உலோகத் தகட்டுக் கூரை ஒன்றைப் பரிந்துரைத்தார்கள். பணம் போதாததால் பாதி மாடிக்கு மட்டுமே போட முடிந்தது. மறுபாதிக்குச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு மேலே தட்டோடு பதித்தோம். மாசி, பங்குனி மாதங்களின் பிற்பகலில் இரண்டு பகுதிகளுக்கும் கீழே உள்ள அறைகளின் வெப்பத்தில் இரண்டு முதல் மூன்று பாகை வேறுபாடு இருந்தது. வெப்பமானி வேண்டாம், ஏழாம், எட்டாம் பாட வேளைகளில் அறை மாற்றித் தரச் சொல்லி ஆசிரியர்கள் கேட்பதைப் பார்த்தாலே தெரிந்துவிடும். இரட்டைக் கூரையின் கீழ் கிடைத்த நிழலில் இப்போது யோகா வகுப்பும் ஓவிய வகுப்பும் நடக்கின்றன. கனமழையில் தகரத்தின் சத்தம் மேலே காதைப் பிளந்தாலும் நடுவில் காங்கிரீட் இருப்பதால் கீழே வகுப்பைக் குலைப்பதில்லை.

தாழ்வாரம் எட்டடி அகலம். ஆறடி போதும், மிச்சத்தை அறைக்குள் சேர்த்துக்கொள்ளலாம் என்று நிர்வாகக் குழுவில் ஒரு கருத்து எழுந்தபோது, பெங்களூரு இந்திய மேலாண்மை நிறுவனத்தில் கட்டடக் கலைஞர் பி.வி. தோஷி வடிவமைத்த நீண்ட, அகன்ற நடைபாதைகளை அவர்கள் எடுத்துக்காட்டினார்கள். வகுப்பிலிருந்து வெளியே வந்தவர்கள் நின்று பேசவும் உட்காரவும் இடமிருந்தால் பாடம் மணியோசையோடு முடிந்துவிடாது என்பது அந்தக் கட்டடத்தின் அடிப்படை எண்ணம். எங்கள் தாழ்வாரத்தில் கைப்பிடிச் சுவரை அமரும் உயரத்துக்கு அகலமான திண்ணையாகவே கட்டி, எதிர்ச் சுவரில் பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் நீளமான எழுதுபலகையைப் பதித்திருக்கிறார்கள். தமிழ்நாட்டு ஆசிரியர்களுக்கு இந்தப் பலகை பழக்கமானது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பின்னர் மாநிலம் முழுதும் பரவிய செயல்வழிக் கற்றல் முறையில் தொடக்க வகுப்புச் சுவர்களின் அடிப்பகுதி முழுவதையும் பிள்ளைகளுக்கான பலகையாக மாற்றினார்கள். கற்பிக்கும் முறை மாறினால் சுவரும் மாற வேண்டும் என்பதை அரசுப் பள்ளிகள் அப்போதே செய்துகாட்டின. இங்கே ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் உணவு இடைவேளையில் திண்ணையில் உட்கார்ந்து, ஒருவர் போட்ட கணக்கை இன்னொருவர் அழித்துத் திருத்துவதைப் பார்க்கும்போது, அந்த இரண்டடியை விட்டுக்கொடுக்காதது பற்றி நிறைவாக இருக்கிறது.

‘கற்பிக்கும் சுவர்கள்’ என்று ஒரு தனித் தொகுப்பையும் அவர்கள் கொடுத்தார்கள். கட்டடத்தையே கற்றல் துணையாக்கும் ‘பாலா’ என்ற முயற்சியை டெல்லியின் வின்யாஸ் அமைப்பு யுனிசெஃப் ஆதரவோடு உருவாக்கியதிலிருந்து, இதன் கருத்துகள் பல மாநிலங்களின் பள்ளிகளுக்குப் போயிருக்கின்றன. கதவு திறக்கும் தரையில் கோணங்களைக் குறிப்பது, சன்னல் கிராதியை எழுத்துப் பயிற்சி வடிவங்களாக அமைப்பது, மின்விசிறி இறக்கைகளில் நிறங்களைத் தீட்டுவது, கொடிக்கம்பத்தின் நிழலைக் கொண்டு நேரம் காட்டுவது போன்றவை அதில் அடங்கும். இவற்றில் நாங்கள் சிலவற்றை மட்டும் எடுத்துக்கொண்டோம். ஆறாம் வகுப்பு அறைக் கதவின் கீழே சிமெண்டுத் தரையில் 10 பாகைக்கு ஒன்றாகப் பதித்த பித்தளைக் கோடுகள் உண்மையில் பயன்படுகின்றன. குறுங்கோணம், விரிகோணம் நடத்தும் நாளில் ஆசிரியர் பிள்ளைகளைக் கதவைத் திறந்து நிறுத்தச் சொல்கிறார். கொடிக்கம்பத்தைச் சுற்றிக் கருங்கல்லில் பதித்த கோடுகளில், நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும் நிழலில்லா நாளன்று, ஆகஸ்ட் நான்காம் வாரத்தில், நிழல் மறைவதைப் பள்ளி முழுவதும் கூடிப் பார்த்தது. ஆனால் எல்லாச் சுவர்களிலும் விலங்கு, பழம், தலைவர்கள், வாய்பாடு என்று ஓவியம் தீட்டும் பகுதியை மறுத்துவிட்டோம். இங்கிலாந்தின் சால்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 27 தொடக்கப் பள்ளிகளின் 153 வகுப்பறைகளில் 3,766 பிள்ளைகளை வைத்து நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டுக் கற்றல் முன்னேற்றத்தில் பிள்ளைகளுக்கிடையே காணும் வேறுபாட்டின் 16 விழுக்காட்டை வகுப்பறையின் தன்மைகள் விளக்குவதாகக் கண்டார்கள். சுவர் வெறிச்சோடியும் இருக்கக் கூடாது, நெரிசலாகவும் இருக்கக் கூடாது என்பதும் அதில் ஒரு முடிவு. அவர்களுடைய குளிர்நாட்டு வகுப்பறை வேறு, நம்முடையது வேறு. ஆனாலும் ஒருமுறை தீட்டிய ஓவியம் பத்தாண்டு அப்படியே நிற்கும், பிள்ளைகள் ஒட்டிய தாள் மாதம் ஒருமுறை மாறும் என்பதால் சுவரைப் பிள்ளைகளின் வேலைக்காகவே விட்டுவைத்தோம்.

இனி ஆய்வகங்கள். செய்முறை வகுப்பு ஒன்றில்கூட அவர்கள் வந்து உட்காரவில்லை. பொதுத் தேர்வு நெருங்கிய மாதம் என்பதால் நேரம் ஒத்துவரவில்லை என்றார்கள். வேறொரு கல்லூரிக்கு வரைந்ததைச் சற்றே சுருக்கிக் கொடுத்ததாகவே எனக்குப் படுகிறது. வேதியியல் ஆய்வகத்தில் கழுவுதொட்டிகள் அனைத்தும் ஒரே சுவரில் இருப்பதால், பியூரெட்டும் பிப்பெட்டும் கையில் ஏந்திப் பிள்ளைகள் ஒருவரையொருவர் உரசிக்கொண்டு அறையைக் குறுக்கே கடக்கிறார்கள். வகுப்பறைக்கு இதமாக இருந்த தாழ்வான சன்னல் இங்கே மேசை மட்டத்தில் காற்றைக் கொண்டுவருகிறது. ஆடி மாதத்தில் சுடர்ச் சோதனை செய்ய முடியாமல் சன்னலை அடைத்தால் அமில ஆவி உள்ளேயே நிற்கிறது. புகை உறிஞ்சும் விசிறி சுவரின் உச்சியில் ஒன்றே ஒன்று. இயற்பியல் ஆய்வகத்தில் குவிலென்சின் குவியத் தூரம் காணும் சோதனைக்குத் திரையில் பிம்பம் தெளிவாக விழ அறை சற்று இருட்டாக வேண்டும். வெளிச்சம் வெள்ளமாக வரும் அந்த அறையில் திரைச்சீலை மாட்டக்கூட இடம் விடப்படவில்லை. ஆசிரியர் அட்டைப் பெட்டிகளைக் கவிழ்த்து மறைப்புச் செய்துகொள்கிறார். இவை ஒவ்வொன்றும் ஒரே ஒரு செய்முறை வகுப்பைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

முற்றத்தில் கட்டிய அரைவட்டப் படி அரங்கமும் அப்படித்தான். படத்தில் பிள்ளைகள் உட்கார்ந்து கதை கேட்பதாக அழகாக வரைந்திருந்தார்கள். மேலே நிழல் இல்லாததால் காலை 10 மணிக்குப் பிறகு கருங்கல் படியில் கைவைக்க முடியாது. இரண்டு வேப்பங்கன்றுகள் நட்டிருக்கிறோம். அவை வளர்ந்து நிழல் தரும்வரை அது செலவழிந்த பணம்தான். மாடிப்படிச் சுவருக்குத் துளைச்செங்கல் வேலைப்பாடு வைத்தது திருவனந்தபுரத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கட்டிய வளர்ச்சி ஆய்வு மையத்தைப் பார்த்து வந்த ஆர்வத்தால். காற்றும் வெளிச்சமும் நன்றாகவே வருகின்றன. ஆனால் துளைகளின் அளவு பெரிதாகப் போனதால் புறாக்கள் குடியேறிவிட்டன. வலை அடிக்க வேண்டியதாயிற்று.

நூலகம் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும்: சன்னலோரம் தனித்துப் படிக்க இடம், நடுவில் சேர்ந்து படிக்க மேசை, அலமாரி எதுவும் ஐந்தடிக்கு மேல் இல்லை. பிள்ளைகளே புத்தகத்தை எடுக்கிறார்கள். கழிப்பறைகளில் பெண் பிள்ளைகளுக்கானதை மக்கள் நடமாடும் தாழ்வாரத்தின் முடிவில், உள்ளே பார்வை போகாதபடி வளைந்த நுழைவோடு வைத்ததற்காக எங்கள் ஆசிரியைகள் தனியாக நன்றி சொன்னார்கள். 1.5 மீட்டர் அகலத்தில் இரண்டு படிக்கட்டுகள், 12 அடிக்கு ஓரடி ஏறும் சாய்தளம் ஆகியவை விதிப்படி எல்லாரும் செய்ய வேண்டியவை; சாய்தளத்தைப் பின்வாசலில் ஒதுக்காமல் முன்வாசலாகவே வைத்ததால் சக்கர நாற்காலியில் வரும் மாணவி தோழிகளோடு சேர்ந்தே உள்ளே வருகிறாள் என்பதுதான் இவர்களுடைய பங்கு.

பணி நடத்தும் முறையில் கட்டணம் நியாயமானது. கட்டுமானச் செலவில் 5 விழுக்காடு. நடுவில் எங்கள் பணியைப் பார்த்துவந்த இளையவர் வேலையை விட்டுப் போனதால், வந்தவருக்கு எல்லாவற்றையும் மறுபடி விளக்க வேண்டியிருந்தது. வரைபடக் குறிப்புகள் ஆங்கிலத்தில் மட்டுமே இருந்ததால் கொத்தனார் மரநார்ப் பலகையை முன்பாதியில் அடிக்கத் தொடங்கிவிட்டார். அதன் பிறகு தமிழில் குறிப்பெழுதித் தரச் சொன்னோம், உடனே தந்தார்கள். திறந்த பிறகு மழைக்காலத்தில் ஒருமுறையும் வெயில் காலத்தில் ஒருமுறையும் தாங்களாகவே வந்து வகுப்புகளில் உட்கார்ந்து பார்த்து, சன்ஷேடு விளிம்பில் நீர் வழிந்து உள்ளே தெறிப்பதைச் சரிசெய்து கொடுத்ததை மறக்காமல் சொல்ல வேண்டும். கட்டி முடித்துக் கணக்கைத் தீர்த்த பிறகு திரும்பிப் பார்க்கும் அலுவலகங்கள் மிகக் குறைவு.

இத்தகைய சேவையைப் பெறவிருக்கும் பள்ளிகளும் கல்லூரிகளும் ஒப்பந்தத்திலேயே சிலவற்றை எழுதி வாங்கிவிடுவது நல்லது. வகுப்பறை, செய்முறை வகுப்பு, விளையாட்டு வேளை, மதிய உணவு நேரம் என்று ஒவ்வொரு வகைப் பயன்பாட்டையும் வரைவதற்கு முன் நேரில் பார்க்க வேண்டும். பார்க்காத அறைக்கு வரைபடம் ஏற்கப்படாது என்றே எழுதலாம். ஒரு மாதிரி அறையை முதலில் முடித்து, சொல்வதை எழுதுதல் சோதனைக்குப் பிறகே மற்ற அறைகளில் பூச்சு வேலை தொடங்க வேண்டும். கட்டணத்தின் கடைசித் தவணையை, எங்களைப் போல் திறப்பு விழாவோடு கொடுத்துவிடாமல், ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் கடந்து அவர்கள் மறுபடி வகுப்பில் வந்து உட்கார்ந்த பிறகு கொடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வகச் சன்னல்களுக்கு மேல்பாதி மட்டும் திறக்கும் கதவுகளும், மேசை வரிசைகளுக்கு நடுவே கழுவுதொட்டிகளும் வரைந்து தர இதே அலுவலகம் ஒப்புக்கொண்டிருக்கிறது. இந்தமுறை முதலில் செய்முறை வகுப்புக்கு வரச் சொல்லி அட்டவணையை அனுப்பியிருக்கிறோம்.